ஆட்டத்தை முடித்தவருக்கே வேலை

ஹெப்பாள் என்றதும் பெங்களூரு விமான நிலையச் சாலையின் மேம்பாலத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது மைசூரு ஹெப்பாள். நகரின் வடமேற்கு விளிம்பில் உள்ள தொழிற்பேட்டை. பக்கத்தில் அதே பெயரில் ஓர் ஏரியும் உண்டு. தமிழ்நாட்டு வீடுகளில் இந்த இடம் பேச்சில் அடிபடுவதற்குக் காரணம் இன்போசிஸ். முந்நூறு ஏக்கருக்கும் அதிகமான அதன் பயிற்சி வளாகம் இங்கேதான் இருக்கிறது. கோவையிலும் திருநெல்வேலியிலும் விருதுநகரிலும் பொறியியல் முடித்து, கேம்பஸ் இன்டர்வியூவில் தேறிய பிள்ளைகள் பலர் பெட்டியோடு முதலில் வந்து இறங்கும் ஊர் இது. 2022 நவம்பரிலிருந்து சென்னை மைசூரு வந்தே பாரத் ரயிலும் ஓடுகிறது.

பகலில் ஜாவாவும் டேட்டாபேஸும் படிக்கும் இந்த வயதுப் பிள்ளைகளில் கணிசமானோர் இரவில் போனில் பிஜிஎம்ஐ என்ற ஆட்டத்தை ஆடுகிறவர்கள். அவர்களுக்கும், மைசூரில் 1946 முதல் இயங்கும் என்.ஐ.இ., 1963-இல் தொடங்கிய எஸ்.ஜே.சி.இ. போன்ற கல்லூரிகளின் மாணவர்களுக்கும் ஒரு கேள்வி பொது: ஆடுகிற கேமைச் செய்யும் வேலைக்கு நாம் போக முடியுமா? பெரியவர்களைக் கேட்டால் விளையாட்டெல்லாம் சோறு போடுமா என்பார்கள். அனிமேஷன் பயிற்சி நிலையத்து விளம்பரத்தைக் கேட்டால் லட்சக்கணக்கில் வேலை காத்துக்கிடக்கிறது என்னும். இரண்டையும் நம்பி வாழ்க்கையைத் தீர்மானிக்க முடியாது. தொழில் என்னவென்று பார்த்துவிட்டுப் பிறகு தயாரிப்புக்கு வரலாம்.

ஹெப்பாள் வளாகத்தையே எடுத்துக்கொள்வோம். பெரிய ஐடி நிறுவனம் பட்டதாரியை ஒன்றும் தெரியாதவராகவே எடுத்து, மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்து, பிறகு பிராஜெக்ட்டில் போடுகிறது. கேம் நிறுவனங்களில் இப்படி ஒரு ஏற்பாடு கிடையாது. இருபது, ஐம்பது பேர் இருக்கும் ஸ்டூடியோவால் ஒருவருக்கு அரிச்சுவடியிலிருந்து சொல்லித்தர இயலாது. விண்ணப்பித்ததுமே அவர்கள் கேட்பது, இதுவரை செய்து முடித்ததைக் காட்டு என்பதுதான். பயிற்சிச் செலவு முழுக்க மாணவர் தலையில் விழுகிறது. இந்தத் துறைக்குத் தயாராவதில் உள்ள சிக்கலில் பெரும்பகுதி இதிலிருந்து முளைப்பதுதான்.

ஆனால் பயிற்சி கொடுத்து எடுக்கும் வழியும் முன்போல் உறுதியானதாக இல்லை. 2025 பிப்ரவரியில் இதே ஹெப்பாள் வளாகத்திலிருந்து முந்நூறுக்கும் மேற்பட்ட பயிற்சியாளர்கள் வெளியேற்றப்பட்டார்கள். மூன்று வாய்ப்புகளிலும் உள்தேர்வில் தேறவில்லை என்றது நிறுவனம். எண்ணிக்கை அதைவிட அதிகம் என்றது ஐடி ஊழியர் அமைப்பு ஒன்று. ‘கேம் வேண்டாம், ஐடி பத்திரமானது’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் நாள் போய்விட்டது.

இந்தியாவில் கேம் தொழில் என்று ஒரே சொல்லில் அழைப்பது உண்மையில் மூன்று தொழில்கள். முதலாவது, வெளிநாட்டு ஆட்டங்களுக்கு வேலை செய்து கொடுப்பது. இதன் முன்னோடி பெங்களூரின் துருவா இன்டராக்டிவ். 1997-இல் ராஜேஷ் ராவ் தொடங்கிய இந்த நிறுவனம் ஃபோர்ஸா வரிசைப் பந்தய ஆட்டங்களுக்குக் கார்களை உருவாக்கிக் கொடுத்தது. 2017-இல் ஸ்வீடனின் ஸ்டார்பிரீஸ் கைக்குப் போனது; 2019-இல் ராக்ஸ்டார் கேம்ஸ் வாங்கித் தன் பெங்களூரு பிரிவோடு இணைத்துக்கொண்டது. ஜிடிஏ ஆடும் பையனுக்குத் தெரியாது, அதைச் செய்யும் நிறுவனத்தின் கிளை மைசூரிலிருந்து மூன்று மணி நேரப் பயணத்தில் இருக்கிறது என்று. புனேயிலும் மும்பையிலும் யூபிசாஃப்ட், ஹைதராபாத்தில் இ.ஏ., குருகிராமில் லட்சியா டிஜிட்டல் என்று இந்த வகை நீள்கிறது. சம்பளம் ஒழுங்காக வரும், தொழில் சுத்தமாகக் கற்றுக்கொள்ளலாம். ஆனால் ஆட்டம் எப்படி இருக்க வேண்டும் என்ற முடிவு பெரும்பாலும் வேறு ஊரில் எடுக்கப்படும். பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவின் புதுப்பதிப்பைத் தலைமையேற்றுச் செய்யும் பொறுப்பு யூபிசாஃப்டின் புனே, மும்பைக் குழுக்களிடம் தரப்பட்டபோது இங்கே பலர் பெருமைப்பட்டோம். 2020-இல் வெளியான முன்னோட்டம் ரசிகர்களிடம் எடுபடவில்லை. 2022-இல் வேலை மான்ட்ரியாலுக்கு மாறியது. 2026 தொடக்கத்தில் திட்டமே கைவிடப்பட்டது.

இரண்டாவது, சொந்த ஆட்டம் செய்வது. மைசூரு மாணவர் பார்க்க வேண்டிய உதாரணம் அதே கர்நாடகத்தின் உடுப்பியில் இருக்கிறது. ரோபோசாஃப்ட் நிறுவனர் ரோஹித் பட், 99கேம்ஸ் என்ற நிறுவனத்தை அந்தக் கோயில் நகரத்திலேயே நடத்தினார். தூம் 3 படத்துக்கான மொபைல் ஆட்டம் 2013-இல் அங்கிருந்துதான் வந்தது. அடுத்த ஆண்டு ஸ்டார் செஃப் என்ற சமையல் ஆட்டம் வெளியாகி உலகச் சந்தையில் காசு பார்த்தது. சாப்பாட்டுக்குப் பேர்போன ஊரிலிருந்து சமையல் ஆட்டம் வந்தது தற்செயலோ என்னவோ. கேம் நிறுவனம் என்றால் பெருநகரில்தான் என்ற எண்ணத்தை 99கேம்ஸ் உடைத்தது. புனேயின் நாடிங் ஹெட்ஸ் குழுவின் கதை வேறு விதம். ‘ராஜி’ ஆட்டத்துக்காக 2017-இல் கிக்ஸ்டார்டரில் பொதுமக்களிடம் பணம் திரட்ட முயன்று தோற்றார்கள். 2020-இல் எப்படியோ வெளியிட்டார்கள்; அந்த ஆண்டு தி கேம் அவார்ட்ஸில் அறிமுக இண்டி ஆட்டங்களுக்கான பரிந்துரைப் பட்டியலில் இடம் கிடைத்தது. இந்த வகையில் புகழும் சுதந்திரமும் உண்டு, மாதச் சம்பளத்துக்கு உத்தரவாதம் இல்லை.

மூன்றாவது, பணம் கட்டி ஆடும் ரம்மி, போக்கர், பேன்டசி கிரிக்கெட். சில ஆண்டுகளாகப் பெங்களூரில் ‘கேமிங்’ என்ற பெயரில் வந்த நல்ல சம்பள வேலைகளில் பெரும்பங்கு இங்கேதான் இருந்தது. 2023 அக்டோபரில் 28 சதவீத ஜிஎஸ்டி வந்தது. 2025 ஆகஸ்ட் 22-இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற இணையவழி விளையாட்டுச் சட்டம் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களையே தடை செய்தது. பெரிய செயலிகள் சில நாட்களிலேயே பண ஆட்டங்களை நிறுத்தின, ஆட்குறைப்பும் தொடர்ந்தது. அதே சட்டம் இ-ஸ்போர்ட்ஸையும் பணமில்லாத ஆட்டங்களையும் தனியாகப் பிரித்து ஊக்குவிப்பதாகச் சொல்கிறது. ‘கேமிங் துறையின் மதிப்பு இத்தனை ஆயிரம் கோடி’ என்று பழைய அறிக்கையைக் காட்டி யாராவது அட்மிஷன் கேட்டால், அதில் ரம்மியின் பங்கு எவ்வளவு என்று திருப்பிக் கேளுங்கள். என் கணிப்பில் இந்த ஒரு கேள்விக்குப் பாதி ஆலோசகர்கள் வாயடைத்துப் போவார்கள்.

ஆபத்து இங்கே மட்டும் என்றில்லை. மைக்ரோசாஃப்ட் 2024 ஜனவரியில் தன் கேம் பிரிவிலிருந்து 1,900 பேரை அனுப்பியது. அடுத்த மாதமே சோனி பிளேஸ்டேஷன் பிரிவில் 900 பேர். 2025 பிப்ரவரியில் பிரெஞ்சு நிறுவனமான டெக்னிகலர் விழுந்தபோது பெங்களூரிலும் மும்பையிலும் ஏறத்தாழ மூவாயிரம் பேரின் வேலை ஆட்டம் கண்டது. அவர்களில் பெரும்பாலோர் சினிமா கிராபிக்ஸ் கலைஞர்கள். கேம் கலைஞர்களும் அதே வேலைச் சந்தையில்தான் நிற்கிறார்கள். இதையெல்லாம் சொல்வது பயமுறுத்த அல்ல. வேலை போனாலும் கையில் நிற்கும் தொழில் எது என்று பார்த்துக் கற்க வேண்டும் என்பதற்காக.

தயாரிப்பு என்று வரும்போது முதல் குழப்பம், ஆடத் தெரிவதும் செய்யத் தெரிவதும் ஒன்று என நினைப்பது. பிஜிஎம்ஐ போட்டியில் பரிசு வாங்கியவருக்குக் கேம் நிறுவனத்தில் வேலை கிடைக்கும் என்று பல பெற்றோர் நம்புகிறார்கள். அது வேறு தொழில். அதன் அடித்தளமும் அரசு உத்தரவைப் பொறுத்தது. 2020-இல் அதன் முன்வடிவமான பப்ஜி தடைபட்டது, 2022-இல் பிஜிஎம்ஐ செயலிக் கடைகளிலிருந்து நீக்கப்பட்டது, 2023-இல் திரும்பி வந்தது. நடுவில் அதை நம்பியிருந்த இளைஞர்கள் என்ன செய்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

செய்யும் வேலைக்குள்ளும் ஒருவர் எல்லாமாக முடியாது. புரோகிராமராகப் போகிறவருக்கு நல்ல செய்தி: பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தில் இருக்கும் வெக்டர் இயற்கணிதம் கடைசியில் உதவப்போகிறது. எதிரி நம்மைப் பார்க்கிறானா? அவன் பார்க்கும் திசை ஒரு வெக்டர், அவனிடமிருந்து நம்மை நோக்கிய கோடு இன்னொன்று. இரண்டின் நீளத்தையும் 1 ஆக்கி, புள்ளிப் பெருக்கம் எடுத்தால் கோணத்தின் கொசைன் வந்துவிடும். மதிப்பு ஒன்றுக்கு அருகே இருந்தால் நேராகப் பார்க்கிறான். சுழியத்துக்குக் கீழே போனால் நாம் அவன் முதுகுப் பக்கம். மதிப்பெண்ணுக்காகப் போட்ட கணக்கு இங்கே ஒரு காவலாளியின் கண்ணாகிறது. இத்துடன் வேகக் கணக்கும் உண்டு. விநாடிக்கு 60 பிரேம் வேண்டுமென்றால் ஒரு பிரேமுக்குக் கிடைப்பது 16.6 மில்லிவிநாடி. அதற்குள் நகர்வு, மோதல், ஒலி, படம் எல்லாம் முடிய வேண்டும். நினைவகம் குறைந்த மலிவு விலை போனில் இதைச் சாதித்துக் காட்டும் மாணவரை நேர்காணலில் யாரும் லேசில் விடமாட்டார்கள். நம் நாட்டில் பெரும்பாலானோர் ஆடுவது போனில்தான்.

கலைப் பிரிவுக்குப் போகிறவரிடம் பல ஸ்டூடியோக்கள் ‘ஆர்ட் டெஸ்ட்’ வைக்கின்றன. ஒரு பழைய மரப்பெட்டி என்று வையுங்கள். முதலில் இரும்புப் பட்டை, ஆணித்தலை, பலகை விரிசல் உட்படப் பல லட்சம் முகங்களோடு ஒரு மாதிரியைச் செதுக்க வேண்டும். அது அழகாக இருக்கும், ஆட்டத்தில் ஓடாது. ஆகவே அதே உருவத்தைச் சில ஆயிரம் முக்கோணங்களில் மறுபடி கட்டி, பெட்டியின் தோலை உரித்துத் தட்டையாக விரிப்பதுபோல யூவி போட்டு, செதுக்கிய நுணுக்கத்தையெல்லாம் ஒரு படமாக அதன்மேல் ‘பேக்’ செய்ய வேண்டும். தேர்வாளர் முதலில் கேட்பது வர்ணமடித்த படத்தை அல்ல, வயர்பிரேமை. எங்கே முக்கோணத்தை வீணாக்கியிருக்கிறாய் என்பது அதில் தெரிந்துவிடும். பத்து அரைகுறை அரக்கர்களை வைத்திருப்பவரைவிட இப்படி ஒரு பெட்டியை ஒழுங்காக முடித்தவர் முந்திவிடுகிறார். செலவும் பெரிதில்லை, இதற்கான பிளெண்டர் மென்பொருள் இலவசம்.

ஆட்ட வடிவமைப்பு என்பதுதான் மாணவர்கள் எல்லோரும் ஆசைப்படுவது, புதியவருக்கு மிகக் குறைவாகக் கிடைப்பதும் அதுவே. என்னிடம் ஒரு நல்ல ஐடியா இருக்கிறது என்று சொல்வதற்கு யாரும் சம்பளம் தருவதில்லை. விதிகளை எழுதி, ஆட வைத்து, எங்கே சலிக்கிறது என்று கண்டுபிடித்து மாற்றுவதுதான் வேலை. இதற்கு மைசூரைவிட நல்ல ஊர் தென்னிந்தியாவில் குறைவு. 1868-இல் மறைந்த மும்மடி கிருஷ்ணராஜ உடையார் சீட்டாட்டங்களையும் பலகையாட்டங்களையும் தானே வகுத்தவர். சதுரங்கக் குதிரையை எல்லாக் கட்டங்களிலும் ஒருமுறை நடத்தும் புதிரில் ஊறியவர். அவர் தொகுத்த ஸ்ரீதத்துவநிதியின் கௌதுகநிதிப் பகுதியில் 360 சீட்டுகள்வரை கொண்ட ஆட்டங்களின் விவரம் இருக்கிறது. மைசூரு கஞ்சிபா சீட்டுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. ராம்சன்ஸ் கலா பிரதிஷ்டானம் மரபு ஆட்டங்களுக்காகக் ‘கிரீடா கௌசல்யா’ என்ற கண்காட்சியை மைசூரில் பல முறை நடத்தியிருக்கிறது. ஹெப்பாளிலிருந்து ஆட்டோவில் போய்ச் சேரும் தூரத்தில் இத்தனையும் இருக்க, யூடியூபில் கேம் டிசைன் தேடுகிறோம்.

தமிழ்ப் பிள்ளைக்கு இன்னும் எளிய வழி, ஆடு புலி ஆட்டம். மூன்று புலி, பதினைந்து ஆடு. ஆடுகளைப் பன்னிரண்டாகக் குறைத்து நண்பர்களை ஆட வையுங்கள். யார் அதிகம் ஜெயிக்கிறார்கள், ஆட்டம் எத்தனை நிமிடத்தில் முடிகிறது, எந்தக் கட்டத்தில் முகம் சுளிக்கிறார்கள் என்று எழுதிவையுங்கள். பிறகு புலி வெட்டும் விதியில் ஒன்றை மாற்றுங்கள். அந்த நோட்டுப் புத்தகம் வடிவமைப்பாளர் நேர்காணலுக்குப் போதுமான முதல் ஆவணம்.

சோதனைப் பிரிவான க்யூஏ-வைத் தாழ்வாகப் பேசுவது வழக்கம். அது நுழைவாயில், ஆனால் அங்கிருந்து தானாக மேலே போய்விடலாம் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். ஒலி, எழுத்து, மொழிபெயர்ப்பு வேலைகளுக்கு இந்தியாவில் நிரந்தர இடங்கள் குறைவு. பெரும்பாலும் ஒப்பந்தக் கூலிதான்.

எந்தப் பிரிவானாலும் ஒரு பரிந்துரையைத் தயங்காமல் சொல்வேன்: சிறிதாக ஒரு ஆட்டத்தைச் செய்து, முடித்து, வெளியிடுங்கள். திறந்த உலகம், நூறு ஆயுதம், ஆன்லைன் மோதல் என்று இரண்டாம் ஆண்டில் தொடங்கும் திட்டங்கள் நான்காம் ஆண்டிலும் முடிவதில்லை. குதிப்பதை மட்டும் ஒழுங்காகச் செய்வதே பெரிய படிப்பு. பாத்திரம் பாறையின் விளிம்பைத் தாண்டிய கணத்தில் ஆடுபவர் பொத்தானை அழுத்துகிறார். கணக்குப்படி அவர் பிந்திவிட்டார், விழ வேண்டும். ஆனால் விழுந்தால், நான் சரியாகத்தான் அழுத்தினேன் என்று போனைத் திட்டுவார். அதனால் விளிம்பு கடந்த பிறகும் சில பிரேம்கள்வரை குதிக்க விடுகிறார்கள். தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பே அழுத்தினாலும் அதை நினைவில் வைத்துக்கொண்டு, தொட்டதும் குதிக்க வைக்கிறார்கள். ஆடுபவர் கண்ணில் படாத இந்தச் சலுகைகளைத் தானே கண்டுபிடித்துச் சேர்த்த மாணவருக்குத் தொழில் பிடிபட்டுவிட்டது.

வெளியிடுவதும் ஒரு பாடம். இட்ச் தளத்தில் காசில்லாமல் போடலாம். ஸ்டீமில் ஒரு ஆட்டத்துக்கு 100 டாலர். கூகுள் பிளேயில் ஒரே தடவை 25 டாலர். ஆனால் 2023 நவம்பருக்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்கென்றால், குறைந்தது 12 பேர் 14 நாள் தொடர்ந்து சோதித்த பிறகே பொதுவில் விட முடியும். அந்தப் பன்னிரண்டு பேரைப் பிடித்து வைப்பதற்குள் ஆட்டத்தின் குறைகள் எல்லாம் தெரிந்துவிடும். கருவியைப் பற்றிய சண்டையில் நேரத்தை வீணாக்க வேண்டாம். யூனிட்டியோ, அன்ரியலோ, கோடோவோ எதுவானாலும் கற்கும் மாணவருக்கு இலவசம். 2023-இல் யூனிட்டி திடீரென ஒவ்வொரு இன்ஸ்டாலுக்கும் கட்டணம் என்று அறிவித்து, எதிர்ப்பால் ஓராண்டில் கைவிட்டதிலிருந்து தெரிவது, ஒரே கருவியோடு ஒட்டிக்கொள்ளக் கூடாது என்பது. செயற்கை நுண்ணறிவு வரைந்த படங்களை அடுக்கி அதைத் தன் கலை என்று காட்டுவது இன்னொரு குறுக்குவழி. நேர்காணலில் ஒரு மரப்பெட்டி கொடுத்தால் அது அம்பலமாகிவிடும்.

சிறியது என்றால் மதிப்பில்லை என்று நினைப்பவர்களுக்கு டொரான்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்ட ‘வெண்பா’ இருக்கிறது. கனடாவுக்குப் போன ஒரு தமிழ்த் தாய் இட்லியும் பிரியாணியும் சமைக்கிற ஆட்டம். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். 2024-இல் இண்டி ஆட்டங்களுக்கான ஐஜிஎஃப் விழாவின் தலைமைப் பரிசும் பாஃப்டாவின் அறிமுக ஆட்டப் பரிசும் அதற்குக் கிடைத்தன. பழைய தமிழ்ப் பாட்டின் சாயல் வர வேண்டிய இடத்தில் வந்தது, இட்லித் தட்டு இட்லித் தட்டாகவே இருந்தது. நூறு கோடி செலவில் செய்தாலும் வெளியாட்களால் அதைச் செய்திருக்க முடியாது.

படிப்பு எங்கே என்பது அடுத்த கவலை. தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் (என்ஐடி) பெங்களூரு வளாகத்தில் டிஜிட்டல் கேம் டிசைன் முதுநிலைப் படிப்பு இருக்கிறது, இடங்கள் சொற்பம். மும்பையில் 2025 ஜூலையில் திறக்கப்பட்ட இந்தியப் படைப்புத் தொழில்நுட்ப நிறுவனம் கேமிங்குக்கும் படிப்புகளை அறிவித்திருக்கிறது. முதல் சில அணிகள் வெளியே வந்த பிறகே மதிப்பிட முடியும். கர்நாடகம் 2012-லேயே அனிமேஷன், கேமிங்குக்கெனத் தனிக் கொள்கை கொண்டுவந்த முன்னோடி மாநிலம். 2024-இல் மூன்றாம் பதிப்பு வந்தது. கொள்கைகளில் வேலை எண்ணிக்கைகள் தாராளமாக இருக்கும், ஆனால் பலன் பெங்களூரைத் தாண்டி மைசூருக்கு மெதுவாகத்தான் வருகிறது.

லட்சங்களில் கட்டணம் வாங்கும் தனியார் பயிற்சி நிலையத்தில் சேரும் முன் ஒரு காரியம் செய்யலாம். அங்கே படித்தவர்களின் பெயர் வெளியான எந்த ஆட்டத்தின் கிரெடிட்ஸில் வருகிறது என்று கேட்டு, அந்த ஆட்டத்தைத் திறந்து கடைசிவரை ஓட்டிப் பாருங்கள். பெயர் இல்லையென்றால் கடன் வாங்க வேண்டாம். பொறியியல் படிப்பை விட்டுவிட்டு வருகிறேன் என்பவர்களுக்கும் என் பதில் வேண்டாம் என்பதே. வெளிநாட்டு வேலை விசாக்கள் பலவற்றுக்குப் பட்டம் தேவைப்படுகிறது. கேம் துறை சரிந்தால் அதே சி++ அறிவோடு வாகன மென்பொருளுக்கோ, சிமுலேஷனுக்கோ, அந்த ஹெப்பாள் வளாகத்துக்கோ போகலாம். படிக்கும்போதே மாலை வேளைகளில் கேம் செய்வது கஷ்டம்தான். இந்தத் துறையில் இருக்கும் பலர் அப்படி வந்தவர்கள்.

ஆட்களைச் சந்திக்கவும் வேண்டும். இந்திய கேம் டெவலப்பர் மாநாடு பல ஆண்டுகள் ஹைதராபாத்தில் நடந்து, 2025 நவம்பரில் சென்னைக்கு வந்தது. உலகெங்கும் 2009 முதல் நடக்கும் குளோபல் கேம் ஜாமில், ஜனவரி மாதம் பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் ஒரு ஆட்டம் செய்ய வேண்டும். முன்பின் தெரியாத இரண்டு பேரோடு சேர்ந்து, தூக்கத்தோடு சண்டை போட்டு, ஞாயிறு மாலை ஓடும் ஏதோ ஒன்றோடு வெளியே வருவது, ஒரு செமஸ்டர் வகுப்பு தராத அனுபவம்.

மைசூரு, கோவை, சேலம் கல்லூரிகளின் துறைத் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெளியிட்ட ஒரு சிறிய கேமை இறுதியாண்டு பிராஜெக்ட்டாக ஏற்றுக்கொள்ளுங்கள். நூலக மேலாண்மை மென்பொருளை ஆண்டுதோறும் நகலெடுத்துச் சமர்ப்பிக்கும் பிள்ளைகளுக்கு அது பெரிய விடுதலை. ஜனவரியில் கேம் ஜாமுக்காக இரண்டு இரவு மட்டும் கம்ப்யூட்டர் லேபைப் பூட்டாமல் விடுங்கள். வாட்ச்மேனுக்கு மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிடுவார்.